இருபத்தேழாம் எண்

டிகிரியை முடித்த கையோடு வெளிநாட்டுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கக் கிளம்புகிற உங்கள் பதினோரு பேருக்காக இதை எழுதுகிறேன். போன வாரம் வகுப்பில் உங்களில் ஒருவர், "மேடம், அங்க போனதும் மொதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டார். கீழே அச்சகத்தில் காலண்டர் அச்சாகிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைச் சாக்காக வைத்து, சிம் கார்டு, விசா நகல் என்று எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். அது பதில் இல்லை. சரியான பதிலைச் சொல்ல என் முதல் வகுப்பறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதைச் சொல்ல எனக்கு இன்னும் பிடிக்காது.

பாடம் நடத்துவது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அதைப் பத்து நாளில் பழகிவிடுவீர்கள். பழகாவிட்டால் பிள்ளைகளே பழக்கிவிடுவார்கள்.

எம்.ஏ. முடித்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. சிரிக்க வேண்டாம். தபால் வழியில், சமையலுக்கும் நர்சரிப் பள்ளி வேலைக்கும் நடுவில் படித்தது. சொந்த ஊர் நாரணாபுரம். அப்பா பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். வீட்டில் ஆலை வேலைக்குப் போகாத ஒரே ஆள் நான்தான். மகனுக்கும் மகளுக்கும் கல்யாணம் முடிந்ததும் ஒரு ஏஜென்ட் மூலமாக மாலத்தீவில் வேலை வந்தது. "உடனே கிளம்பணும். நடுவருஷத்துல ஒரு டீச்சர் நின்னுட்டாங்க" என்றார் அவர். ஏன் நின்றார் என்று நான் கேட்கவில்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை.

தீவு மிகச் சின்னது. பள்ளிக்கூட வாசலில் நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரியும். எனக்கு நாலாம் வகுப்பு கொடுத்தார்கள். மொத்தம் இருபத்தாறு பிள்ளைகள். முதல் நாள் நான் முன்கூட்டியே போய் வகுப்பறைக்குள் நின்று, பிள்ளைகள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வரிசையாக வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி, குனிந்து, முனை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். கதவுக்கு வலது புறம் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு ஆணியடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் அதில் கையை வைத்து, ஒரு மூச்சு விடும் நேரம் நின்று, பிறகுதான் உள்ளே வந்தது. யாரும் பேசவில்லை. கடைசியாக வந்த பையன் மறந்துபோய் உள்ளே காலை வைத்துவிட்டு, முகம் வெளிறித் திரும்பிப் போய்த் தகட்டைத் தொட்டுவிட்டு வந்தான்.

வெளியூர்க்காரர் பார்த்தால் ஏதோ விளையாட்டு என்று நினைப்பார். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று நம் ஊர் ஆலைகளில் வாசலில் செம்புத் தகடு பதித்திருப்பார்கள். அம்மா, அக்கா, அத்தை எல்லாரும் தொட்டுவிட்டுப் போவதை வேனில் சாப்பாடு கொண்டுபோகும்போது நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். அதை நடுக்கடலில், ஒரு பட்டாசைக்கூடக் கையில் வாங்கியிராத பிள்ளைகள் செய்தார்கள்.

அன்று மத்தியானம் பக்கத்து வகுப்பில் யாரோ இரும்பு அலமாரியைத் தடாலென்று சாத்தினார்கள். என் வகுப்பு மொத்தமும் எழுந்தது. ஓடவில்லை, பையை எடுக்கவில்லை. பாதிப்பேர் முன்வாசல், பாதிப்பேர் பின்வாசல் என்று வெளியேறி, காற்று வருகிற திசையைப் பார்த்து நடந்து, ஒரு மரத்தடியில் நின்றார்கள். நின்றதும் எண் சொல்லத் தொடங்கினார்கள். ஒன், டூ, த்ரீ. ட்வெண்டி சிக்ஸ் வந்ததும் நின்றது. பிறகு எல்லாரும் ஒரு எண் சொல்லும் நேரத்துக்கு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். அப்புறம்தான் வகுப்புக்குத் திரும்பினார்கள்.

"யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன்.

"மாரீஸ் மிஸ்" என்றாள் ஐஷத். வகுப்புத் தலைவி, எண் இருபத்தாறு. "அந்த நாற்காலி அவங்களுது. நீங்க வேற நாற்காலி எடுத்துக்கோங்க. அவங்க நம்பர் இருபத்தேழு." இதையெல்லாம் அவள் இங்கிலீஷில்தான் சொன்னாள், மரியாதையாகவே சொன்னாள். நான் ஸ்டாஃப் ரூமிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து உட்கார்ந்தேன்.

மாரீஸ்வரி. நம் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர். தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டேன். அவர் அந்த ஊர்க்காரர், சாதுவான மனுஷர். "இடைவிடுமுறைக்கு ஊருக்குப் போனார், திரும்பி வரவில்லை. பலமுறை போன் செய்தேன். யாரோ எடுக்கிறார்கள். மூச்சு விடுவது கேட்கிறது. நான் பேசப்பேசக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள்" என்றார். கோப்பைத் திறந்து விலாசத்தைக் காட்டினார். எம். புதுப்பட்டி என்று இருந்தது.

இங்கேதான் என் தவறு தொடங்குகிறது. நாரணாபுரத்தில் இருக்கிற என் தம்பிக்கு ஒரு போன் போட்டிருந்தால், அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய் அன்று சாயங்காலத்துக்குள் விஷயத்தைச் சொல்லியிருப்பான். நான் போடவில்லை. நான் ஊரிலிருந்து கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு ஆலையில் வெடி விபத்து நடந்திருந்தது. பேப்பரில் படம் வந்தது. கீழே இருந்த பெயர்களைப் படிக்காமல் மடித்து வைத்தவள் நான். நம் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் மடித்து வைப்போம். அந்த மடிப்பைக் கடல் தாண்டி வந்து பிரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டு மாதம் அப்படியே ஓட்டினேன். தினமும் நானும் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனேன். வாரம் ஒருமுறையாவது ஏதாவது சத்தம் கேட்டுப் பிள்ளைகள் வெளியே போய் எண்ணுவார்கள். இருபத்தாறுக்குப் பிறகு வருகிற அந்த மௌனத்தில் கடல் சத்தம் மட்டும் கேட்கும். பிள்ளைகளுக்கு அவர் மேல் எத்தனை பிரியம் என்று நினைத்து, எனக்கு அது பிடித்துக்கூடப் போயிற்று. போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள் காலையில் எங்கள் வகுப்புக்குப் பின்னால் இருந்த ஜெனரேட்டர் அறையில் தீப்பிடித்தது. டீசல் புகை. பின் ஜன்னல் வழியாக ஒரே நிமிஷத்தில் கருப்பாக உள்ளே நிறைந்தது. பிள்ளைகள் பழகியபடி வெளியேறினார்கள். மற்ற வகுப்புகளில் கூச்சலும் அழுகையுமாக இருந்தபோது என் பிள்ளைகள் மட்டும் மரத்தடியில் நின்று எண்ணினார்கள். இருபத்தாறும் என் காதால் கேட்டேன். ஆண்டவரே, நன்றி என்று திரும்பி, பக்கத்து வகுப்பு டீச்சருக்கு உதவப் போனேன். ஒரு சின்னப் பையன் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான்.

"ஐஷத் உள்ளே போயிட்டா."

வாசலைப் பார்த்தேன். புகைக்குள் அவளுடைய வெள்ளைச் சீருடை மறைந்துகொண்டிருந்தது.

ஆலைக்காரர் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம், வெளியே வந்தவர் திரும்பி உள்ளே போகக்கூடாது என்பது. என் சித்தப்பா அப்படித் திரும்பிப் போனவர். அதனால் என் கால் ஒரு கணம் நகரவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. பிறகு துப்பட்டாவை வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தில் முக்கி முகத்தில் கட்டிக்கொண்டு, தவழ்ந்து போனேன். உள்ளே கண் எரிந்தது, எதுவும் தெரியவில்லை. அவள் குரல் மட்டும் கேட்டது. இருமிக்கொண்டே, "மிஸ், வாங்க. மிஸ், வாங்க" என்று அந்தக் காலி நாற்காலியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

இன்னொன்றையும் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அந்த நாற்காலி எப்போதும் கரும்பலகைக்குப் பக்கத்தில் வகுப்பைப் பார்த்துத்தான் இருக்கும். அன்று அது வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஐஷத் இழுத்ததில் திரும்பியிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு நாள் அவள் சுகாதார நிலையத்தில் கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஏன் போனாய் என்று கேட்டேன்.

"எண்ணிக்கை ஒண்ணு குறைஞ்சா ஒருத்தர் உள்ளே இருக்காங்கன்னு அர்த்தம்னு மிஸ் சொல்லியிருக்காங்க. வெறும் சத்தம்னா காத்திருந்தாப் போதும். அன்னைக்கு நிஜமாவே புகை."

"மிஸ் இங்கே இல்லையேம்மா. இனிமேல் இருபத்தேழு நான் சொல்றேன், சரியா?"

"நீங்க இருபத்தெட்டு" என்றாள். "இருபத்தேழு அவங்க இருக்காங்க. ஒவ்வொரு வியாழக்கிழமையும் பிரசன்ட் சொல்றாங்களே."

பிள்ளை கற்பனை செய்கிறது என்று நினைத்தேன். அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் என்னை அவள் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அவள் அப்பாவின் போனைச் சுற்றி வகுப்பே உட்கார்ந்திருந்தது. இன்டர்நெட் வழியாக மாரீஸ் மிஸ்ஸின் இந்திய எண்ணுக்குக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டார்கள். மணி அடித்தது. எடுத்தார்கள். பிள்ளைகள் உடனே எண்ணினார்கள். ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை. பிறகு மௌனம்.

அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்டது. பிறகு ஒரு கம்மிய குரல் வந்தது.

"பிரசன்ட்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அது டீச்சர் குரல் இல்லை. வயதான, இங்கிலீஷ் வாயில் பழகாத குரல். அதற்குப் பின்னால் ஆலை வேன் திரும்பி வந்து ஹாரன் அடிப்பதும், ஒரு ஆண் குரல், "ஏலே, வண்டிய ஒதுக்குலே" என்று அதட்டுவதும் கேட்டன. என் ஊர் அந்தப் போனுக்குள் இருந்தது. நான் தமிழில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மணி அடித்து, எடுத்து, எண்ணி, வைத்து எல்லாம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். நடுவருஷத்தில் ஒரு வகுப்பை ஏற்றால், அந்தப் பிள்ளைகள் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று முதல் நாளே விசாரியுங்கள். போனவர் ஏன் போனார் என்று கேளுங்கள். பதில் கசப்பாக இருந்தாலும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். நான் கேட்கப் பயந்த ஒரு கேள்விக்காக ஒரு பிள்ளை புகைக்குள் போனது.

வருஷக் கடைசி விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். வந்த மூன்றாம் நாள் எம். புதுப்பட்டிக்குப் போனேன். அது வியாழக்கிழமை. தற்செயல் என்று சொன்னால் பொய்.

விலாசத்தைச் சொன்னதும் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "மூணாவது வீடு. பொன்னுத்தாயி இருப்பா" என்றார். வாசலில் பார்த்த முகத்திலேயே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. பொன்னுத்தாய்க்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். விரல்நுனிகளில் பட்டாசுக்குப் போடும் வெள்ளி மருந்தின் சாம்பல் நிறம் படிந்திருந்தது. நான் அந்தத் தீவுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன் என்றதும் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. சாப்பிட்டீகளா? அம்புட்டுத் தூரத்துல இருந்தா வந்திருக்கீக?"

சுவரில் மகளின் படம். பட்டமளிப்பு அங்கியில் சிரித்துக்கொண்டிருந்தார். மாலை காய்ந்திருந்தது. படத்துக்குக் கீழே அலமாரியில் ஒரு போன், சார்ஜரில்.

நான் கேட்காமலே சொன்னார். "அன்னைக்கி எனக்குக் காய்ச்ச. ஆர்டர் நிறைய கெடந்துச்சி. ஒரு நா வரலேன்னா எடத்துல வேற ஆளப் போட்டுருவாக. 'நீ படும்மா, ஒரு நாத்தானே, நான் போயிட்டு வாரேன்'னா. படிக்கிற காலத்துல லீவுக்கு லீவு போன பிள்ளதான டீச்சர், கைப்பழக்கம். போனு உள்ள கொண்டுபோகக்கூடாதுல்ல, அங்கன வச்சுட்டுப் போனா."

அலமாரியைக் காட்டினார்.

"வேலைக்கு வந்தவுக கணக்குல என் பேருதான் இருந்துச்சி. சத்தம் கேட்டு அரை மணி நேரத்துல தெருவே அழுதுக்கிட்டு வருது, பொன்னுத்தாயி போயிட்டான்னு. நான் பாயில படுத்துக்கிட்டு அதக் கேக்கேன். என் பேரச் சொல்லி அழுகுதாக. எந்திரிச்சிப் போயி நான் இருக்கேன்னு எப்படிச் சொல்லுவேன்? நான் இருக்கேன்னா, அவ இல்லேல்ல."

அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"காரியம் முடிஞ்ச வாரம் அந்தப் போனு அடிச்சிச்சி. போனு படத்துல பூராவும் பிள்ளைக. எடுத்தா ஒன்னு ரெண்டு எண்ணுதுக. எண்ணிட்டு சும்மா இருக்குதுக. அவ உசுரோட இருக்கையில, லீவுல இதே மாதிரி கூப்பிடும்போது, சிரிச்சிக்கிட்டு பிரசன்ட்டுன்னு சொல்லுவா, பாத்திருக்கேன். பிள்ளைக காத்துக்கிட்டு இருக்குதுகளேன்னு நானும் சொல்லிட்டேன். கைதட்டுச்சிக. பெரியாளு யாராச்சும் இங்கிலீஷுல பேசுனா பயந்து வச்சிருவேன். பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லுவேன். அவ என் நம்பர்ல போனா. நான் அவ நம்பர்ல பேசுதேன். அம்புட்டுத்தான் டீச்சர்."

இதற்குப் பிறகு நான் வந்த விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். வாரத்துக்கு ஒரு வார்த்தை, அந்த அம்மாவுக்கு மிச்சம் இருந்தது அவ்வளவுதான். அதைப் பிடுங்க நான் யார்? ஆனால் தீவில் எண்ணிக்கை இன்னும் ஒன்று குறைவாகத்தான் இருந்தது. அடுத்த முறை புகை வந்தால் ஐஷத் மறுபடி போவாள். நான் அந்த நாற்காலியை அப்புறப்படுத்தியும் பார்த்தேன், பிள்ளைகள் மறுநாளே தேடிக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். சொன்னேன். தீப்பிடித்ததையும், அவள் திரும்பி உள்ளே போனதையும், நாற்காலியை இழுத்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

பொன்னுத்தாய் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"எம் பிள்ளையத் தேடிக்கிட்டா அந்தப் பிள்ள உள்ள போச்சி?"

"ஆமாம்மா."

"அதுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லம்மா. நல்லா இருக்கா."

"நான் இருக்கேன்னு சொன்னதாலதான போச்சி."

நான் இல்லை என்று சொல்லவில்லை. நீங்கள் சொல்ல வேண்டாம், நானே பிள்ளைகளிடம் பேசிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் மறுத்துத் தலையை ஆட்டினார். "இருக்கேன்னு சொன்னவ நானு. நாந்தான் சொல்லணும். என்ன சொல்லணும், சொல்லிக்குடுங்க."

"ஆப்சென்ட்" என்றேன்.

"அது தெரியும் டீச்சர்" என்றார். "ஆலையில தெனமும் கேக்குறதுதான. அன்னைக்கி நான் அதா இருந்தேன்."

ஐந்தரை மணி வாக்கில் தெருவில் வேன் வந்து நின்றது, பெண்கள் தூக்குவாளியோடு இறங்கிப் போனார்கள். அலமாரியில் போன் அடித்தது. பொன்னுத்தாய் எழுந்துபோய் எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். நான் படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்த அதே உச்சரிப்பில் பிள்ளைகள் எண்ணினார்கள். ட்வெண்டி சிக்ஸ் என்று ஐஷத் சொன்னாள். பிறகு மௌனம்.

பொன்னுத்தாயின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இருபத்தைந்து வருஷம் பலருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு வார்த்தை வெளியே வர இத்தனை நேரம் ஆனதை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"ஆப்சென்ட்" என்றார். பிறகு, அவர்களுக்குக் கேட்காமல் போயிருக்குமோ என்று, சத்தமாக, "மிஸ் ஆப்சென்ட்" என்றார்.

அந்தப் பக்கம் யாரும் கைதட்டவில்லை. போன் நின்றுவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. அலை அடிக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு ஐஷத் தங்கள் மொழியில் ஏதோ மெல்லச் சொன்னாள். முதல் பையன் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தான். ஒன். டூ. த்ரீ. ஒவ்வொருவராகச் சொல்லி இருபத்தாறில் முடித்தார்கள். இந்தத் தடவை அதற்கப்புறம் அவர்கள் காத்திருக்கவில்லை. போன் அணைந்தது.

பொன்னுத்தாய் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளைக எல்லாம் வெளிய வந்துருச்சா டீச்சர்?"

"வந்துட்டாகம்மா" என்றேன். "இருபத்தாறு பேரும் வெளியதான் நிக்கிறாக."